தியத்தலாவை: சிறையாகத் தொடங்கிய பயிற்சிக்களம்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் அப்புத்தளையைத் தாண்டியதும் காட்சி சட்டென்று மாறிவிடும். அதுவரை ஜன்னலை விடாமல் கூடவே வந்த தேயிலை பின்தங்கிப்போகும். மரம் அதிகமில்லாத புல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். அவற்றில் ஒன்றின் சரிவில் வெள்ளையடித்த கற்களால் ஆன ஒரு பெரிய நரி உருவம் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் ‘பாக்ஸ்’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் இங்கே முகாமிட்டிருந்தபோது தங்கள் கப்பலின் பெயரை இப்படி மலையில் பதித்துவிட்டுப் போனார்கள். அந்த மேட்டுக்கு இன்றும் நரிமலை என்றுதான் பெயர். அதைச் சுற்றியிருப்பதுதான் தியத்தலாவை ராணுவ முகாம். இலங்கையின் ராணுவ அதிகாரிகள் உருவாகும் இடம்.

இத்தொடரில் இதுவரை பார்த்த கொழும்பு, காலி, யாழ்ப்பாணக் கோட்டைகளெல்லாம் போருக்கென்றே திட்டம் போட்டுக் கட்டியவை. தியத்தலாவை அப்படியல்ல. இதைப் பயிற்சி முகாமாக்க வேண்டுமென்று தொடக்கத்தில் யாரும் நினைக்கவில்லை. பிடிபட்டவர்களை அடைத்துவைக்க அவசரத்துக்குப் போட்ட தகரக் கொட்டகைகள்தான் இதன் மூலம்.

ஆண்டு 1900. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த விவசாயக் குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். பிப்ரவரியில் பார்டபெர்க்கில் தளபதி க்ரோன்யே நாலாயிரம் பேரோடு சரணடைந்தார். ஜூலையில் பிராண்ட்வாட்டர் பள்ளத்தாக்கில் பிரின்ஸ்லூ தலைமையில் மேலும் நாலாயிரத்துக்கும் அதிகமானோர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். இவர்களைச் சொந்த மண்ணிலேயே வைத்திருந்தால் தப்பியோடி மறுபடி துப்பாக்கி தூக்குவார்கள் என்பது பிரிட்டிஷ் கணக்கு. க்ரோன்யேயைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பினார்கள். அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது என்று தேடியபோது இலங்கை கண்ணில் பட்டது. அப்போது இங்கே ஆளுநராக இருந்தவர் வெஸ்ட் ரிட்ஜ்வே.

இடத்தேர்வில் தவறு சொல்ல முடியாது. கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, ஐரோப்பிய உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் குளிர். தேயிலைத் தோட்டமாகாத திறந்த புல்வெளி என்பதால் ஓடுகிறவனை எங்கிருந்தும் பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகப் போட்ட ரயில் பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியிருந்தது. தோட்டத்துரைமாரின் லாபத்துக்காகப் போட்ட தண்டவாளத்தில் கைதிகள் ஏறி வந்தார்கள். ஆகஸ்டில் முதல் கப்பல் கொழும்புக்கு வந்தது. அதன்பின் இலங்கைக்கு வந்து சேர்ந்த கைதிகள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர்.

காவலுக்கு வந்த படைப்பிரிவைப் பாருங்கள். குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். 1899 அக்டோபரில் நிக்கல்சன்ஸ் நெக் என்ற இடத்தில் இதே பட்டாலியனின் ஆட்கள் போயர்களிடம் கூட்டமாகச் சிறைப்பட்டிருந்தார்கள். தப்பி எஞ்சியவர்கள் இப்போது போயர்களுக்குக் காவல் நின்றார்கள். போர்த்துறை அலுவலகத்தில் யாரோ குறும்புக்காரர் இருந்திருக்க வேண்டும்.

முள்கம்பிக்குள் ஒரு சிற்றூரே உருவானது. ஜெனரல் ஒலிவியர் இருந்தார். பாதிரியாராக இருந்து தளபதியான பால் ரூ இருந்தார். பள்ளிக்கூடமும் பாட்டுக் குழுவும் நடந்தன. சும்மா இருக்கத் தெரியாத விவசாயிகள் மரத்தைச் செதுக்கிக் கைத்தடியும் பெட்டியும் பொம்மையும் செய்து விற்றார்கள். ‘முள்கம்பி’ என்று பொருள்படும் டச்சுப் பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். கைதிகளுக்கு நகைச்சுவை உணர்வு வற்றவில்லை. வந்த முதல் ஆண்டிலேயே குடற்காய்ச்சல் புகுந்தது. அதில் போனவர்களின் கல்லறைகளும் நினைவுச்சின்னமும் தியத்தலாவையிலேயே இருக்கின்றன. முரண்டு பிடித்தவர்களுக்கு ராகமையில் தனி முகாம். நோயாளிகளுக்குக் கல்கிசை. வாக்குறுதி கொடுத்தவர்களுக்கு அம்பாந்தோட்டையிலும் உருகஸ்மன்சந்தியிலும் காவல் குறைந்த முகாம்கள்.

தியத்தலாவைக்கு வந்து சேராமலே தப்பியவர்களும் உண்டு. 1901 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலிலிருந்து ஐந்து பேர் இரவில் கடலில் இறங்கி நீந்தினார்கள். வில்லி ஸ்டெய்ன் அவர்களில் ஒருவர். சீனாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ‘கெர்சன்’ என்ற ரஷ்யக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. ரஷ்யா, ஜெர்மனி, ஹாலந்து என்று சுற்றி, ஜெர்மானியர் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்கா வழியாகத் திரும்பவும் போர்க்களத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். இதை யாராவது திரைக்கதையாக எழுதிக்கொண்டு போனால், நம்பும்படி எழுதுங்கள் என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1902 மே 31இல் சமாதானம் கையெழுத்தானது. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுத்த சிலரில் எங்கல்பிரெக்ட் என்பவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். யால வனத்தின் முதல் காவலராக 1908இல் வேலைக்குச் சேர்ந்தார். 1914இல் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று பழி வந்தது. சிறையில் போட்டார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் வேலை போனது போனதுதான். 1922இல் இறந்து, அம்பாந்தோட்டையில் அடக்கமானார். ஒரு போரில் கைதியாகி, அடுத்த போரில் சந்தேக நபராகி முடிந்த வாழ்க்கை அது.

கைதிகள் போனார்கள், கொட்டகைகள் நின்றன. இந்த முகாமின் மீதிக் கதைக்கெல்லாம் காரணம் இதுதான். கட்டி வைத்த இடத்தை எந்த அரசாங்கமும் சும்மா விடாது. முதல் உலகப்போரில் இலங்கையிலிருந்த ஜெர்மானியர்களை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். தொடந்துவைத் தீவு மடத்தை நிறுவிய ஜெர்மானியப் பௌத்த பிக்கு ஞானதிலோகரும் அவர்களில் ஒருவர். இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். எப்படியோ திரும்பி வந்து மடத்தை மறுபடி எழுப்பினால், 1939இல் மீண்டும் அதே தியத்தலாவை. இம்முறை அங்கிருந்து டேராடூன். இரண்டாம் உலகப்போரின் நடுவே ஒரு பக்கம் பிரிட்டிஷ் மாலுமிகள் ஓய்வுக்கு வந்து குளிர்காற்று வாங்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949 அக்டோபர் 10ஆம் தேதி இலங்கை ராணுவம் சட்டப்படி பிறந்தது. படை பிறந்துவிட்டது, பழக்க இடம் வேண்டுமே. அடுத்த ஆண்டே புதிதாகச் சேர்வோருக்கான பயிற்சி நிலையம் தியத்தலாவையில் திறந்தது. தங்குமிடம், அணிவகுப்புத் திடல், சுட்டுப் பழக வெற்று மலைச்சரிவு, எல்லாம் தயாராக இருந்தன. கடற்படையின் ‘ரங்கல்ல’ பயிற்சி முகாமும் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. விமானப்படையின் தரைப்போர்ப் பயிற்சி இன்றும் நடக்கிறது.

ஆனால் சிப்பாய்க்குத்தான் தியத்தலாவை. அதிகாரியாக வேண்டியவன் இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட்டுக்குக் கப்பலேறினான். ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், பெரும்பாலும் கொழும்பு, கண்டியின் பெரிய பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள். உத்தரவு போடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே தீவில் பிறந்தும் வேறு வேறு நாட்டில் பழகி வந்தார்கள். இதை மாற்றியது தேசப்பற்று அல்ல, கஜானா. அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோதுதான் 1968இல் அதிகாரிகளுக்கான பயிற்சியும் தியத்தலாவையில் தொடங்கியது. தொடங்கியபின் கிராமத்துச் சிங்கள இளைஞனுக்கும் அதிகாரியாகும் வழி அகலமானது. அந்த அளவில் இது நல்ல மாற்றம்தான்.

தமிழனுக்கு? அங்கே கதை நேரெதிர்த் திசையில் போகிறது. இந்த ராணுவத்துக்குத் தொடக்கத்தில் தளபதிகளாக இருந்தவர்கள் பிரிட்டிஷார். 1955இல் அவர்களில் கடைசியானவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்த முதல் இலங்கையர் ஒரு தமிழர், அன்டன் முத்துக்குமாரு. 1959 வரை அவர்தான் தளபதி. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இலும், தெருவில் தமிழர் வெட்டப்பட்ட 1958இலும் ராணுவத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் ஒரு தமிழர் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 1962 ஜனவரியில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் சிக்கிய அதிகாரிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சிங்களர், பறங்கியர், தமிழர் என்று கலந்திருந்தார்கள். அதை அரசு சாக்காகப் பிடித்துக்கொண்டது. அதன்பின் தியத்தலாவைக்கு ரயிலேறிய புதியவர்களில் தமிழ்ப் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு அருகின. முகாமைச் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. நாடே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு ராணுவத்தில் இடம் கேட்பது எங்கே?

1971 ஏப்ரல் 5 அதிகாலை, அரசுக்கு எதிராகக் கிளர்ந்த ஜேவிபி என்ற இடதுசாரி இயக்கத்தின் இளைஞர்கள் முதலில் தாக்கியது வெல்லவாய காவல் நிலையத்தை. தியத்தலாவை மலையிலிருந்து இறங்கினால் சமவெளியில் வரும் ஊர் அது. அந்தக் கிளர்ச்சிக் காலத்தில் தியத்தலாவையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் சரத் பொன்சேகா. அதே ஆண்டு பயிற்சிக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் கோத்தாபய ராஜபக்ச. 2009இல் வன்னியில் உள்நாட்டுப் போர் முடிந்தபோது முன்னவர் ராணுவத் தளபதி, பின்னவர் பாதுகாப்புச் செயலாளர். மறு ஆண்டே கோத்தாபயவின் அண்ணன் அரசு பொன்சேகாவைச் சிறையில் வைத்தது வேறு கதை.

1981இல் இந்தப் பயிற்சி நிலையம் இலங்கை ராணுவக் கலாசாலை என்ற புதுப் பெயர் பெற்றது. இரண்டே ஆண்டில் தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை, அதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர். சிறிய, அணிவகுப்புக்கும் வேலைநிறுத்தம் அடக்குவதற்கும் பழகிய படை, லட்சத்தைத் தாண்டிப் பெருக வேண்டியதாயிற்று. தியத்தலாவை அதற்குப் போதவில்லை. இடம் மட்டுமல்ல பிரச்சினை. அதிகாலைப் பனியில் கால் உதைத்துப் பழகும் குளிர்ந்த புல்மேட்டுக்கும், வெயில் கொளுத்தும் வன்னிக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத புதரில் நடக்கக் கற்றுக்கொள்ள இந்த மொட்டை மலை உதவாது. மாதுறு ஓயா, மின்னேரியா, அம்பாறை என்று உலர் வலயத்தில் புதிய பயிற்சிப் பள்ளிகள் முளைத்ததன் காரணம் இதுதான். சிப்பாய்ப் பயிற்சியின் பெரும்பங்கு அங்கே போயிற்று. அதிகாரிகளை உருவாக்கும் வேலை தியத்தலாவையிலேயே தங்கியது.

ஆக, நூறாண்டுக்கு முன் கைதி ஓடினால் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்த நிலத்தில்தான் இன்றும் படைத்தலைவர்கள் உருவாகிறார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த முகாமின் குறை அதன் மலையோ குளிரோ அல்ல, உள்ளே வந்தவர்களின் பட்டியல்தான். ஒரு நாட்டின் ராணுவம் எங்கே பயிற்சி பெறுகிறது என்பதைவிட யாருக்குப் பயிற்சி தருகிறது என்பதே அதன் போக்கை முடிவு செய்கிறது. முத்துக்குமாருவின் நாற்காலிக்கு அவருக்குப் பிறகு இன்றுவரை வேறொரு தமிழர் வரவில்லை.

அந்தப் பட்டியலைத் திருப்பிப்போட்டது 1962 ஜனவரி 27ஆம் தேதி இரவு. காவல்துறையும் ராணுவமும் சேர்ந்து பிரதமர் சிறிமாவோவைக் கவிழ்க்கப் போட்ட திட்டம் கடைசி மணி நேரங்களில் எப்படிப் பிசகியது, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் எல்லாரும் எப்படி விடுதலையானார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.