தோலின் துன்னர்

தோல்வேலையைப் பொழுதுபோக்காகப் பழக விரும்பும் மதுரை அன்பர்கள் முதலில் கேட்பது, என்னென்ன கருவி வாங்குவது என்பதே. சொல்லை நேசிக்கும் நாம் அதற்கு விடையைப் பழைய பெயர்களிலேயே தேடலாம்.

சிலப்பதிகாரத்துப் புகார் நகரில், துணி தைப்பவரைத் துன்னகாரர் என்றும் தோல் தைப்பவரைத் தோலின் துன்னர் என்றும் இளங்கோவடிகள் அடுத்தடுத்து நிறுத்துகிறார். இரண்டுக்கும் வேர் துன்னு. துன்னுதல் நெருங்குதல், நெருங்காத பகைவர் துன்னார், வேற்றிழையால் ஒட்டுப்போட்ட கந்தல் பொருநராற்றுப்படையில் துன்னல் சிதாஅர். னகரம் இரட்டித்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அவ்வொலியிலேயே இரண்டு விளிம்புகள் கூடுவதை நான் கேட்கிறேன்.

இன்று அவ்விடத்தில் 'தை' அமர்ந்துவிட்டது. காலில் கருவேலமுள் தைத்தது என்று நம் ஊர்ப்பக்கம் சொல்கிறோமே, அங்கே அதன் மற்றொரு பொருள் பளிச்சென்று தெரியும்: தைத்தல் துளைத்து நுழைதல். ஒரே தொழிலைத் 'தை' துளையால் சுட்ட, 'துன்னு' கூடலால் சுட்டியது. துணியில் ஓர் ஊசியே இரண்டையும் செய்துவிடும், 2 மி.மீ. தடிப்புள்ள தோலோ எளிதில் வழிவிடாது. குத்தூசி முதலில் தைக்க வேண்டும். பிறகு, மெழுகிட்ட ஒரே நூலின் இருமுனையிலும் கோத்த மழுங்கிய ஊசிகள் ஒரே துளையில் எதிரெதிராய்ப் புகுந்து துன்ன வேண்டும். தையலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வினை புறநானூற்றின் 82ஆம் பாட்டில் இருக்கிறது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோடு பொழுதும் சாய்கிறது. கட்டில் பின்னுபவன் கையூசி பறக்கிறது. அவனை இழித்துரைக்கும் பெயரால் சுட்டும் அதே பாட்டில், சோழன் கோப்பெருநற்கிள்ளியின் போர்விரைவுக்குச் சாத்தந்தையார் கண்ட உவமை அவன் கைவிரைவுதான். அப்பெயரை நான் எடுத்துச் சொல்ல மாட்டேன். அவ்வூசி தள்ளிய தோல்வாரின் பெயரைச் சொல்வேன்: போழ். போழ்தல் பிளத்தல், பிளந்த வினையே பிளவுபட்ட வாருக்கும் பெயராயிற்று.

போழக் கத்தி, தைக்கக் குத்தூசி, துன்ன இரண்டு ஊசியும் நூலும். முத்திரை அச்சுகளையும் சாயங்களையும் பிறகு பார்க்கலாம். தோல் வாங்கும்போது, திண்டுக்கல் போன்ற பதனிடும் ஊர்களில் பட்டைத் துவரில் பதனிட்டது கிடைக்குமா என்று கேளுங்கள். கத்தியை மட்டும் நன்றாகத் தீட்டி, இரும்பு அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பில் போழுங்கள். விளிம்பு பிசிறினால் பின்வரும் துன்னல் நேராக அமையாது.