வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்தமும் கட்டிட அனுமதியும் (கலிபோர்னியா)

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு வீட்டைப் புதுப்பிக்கவோ விரிவாக்கவோ மேற்கொள்ளப்படும் பணிகள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகளுக்கு உட்பட்டவை. ஒன்று, வீட்டு உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் செய்துகொள்ளும் வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் ஆகும். மற்றொன்று, நகராட்சி அல்லது கவுண்டியின் கட்டிடத் துறை வழங்கும் அனுமதி ஆகும். ஒப்பந்தம் பணத்தையும் பொறுப்பையும் பற்றியது. அனுமதி வீட்டின் பாதுகாப்பைப் பற்றியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஒப்பந்தக்காரர் உரிமம்

1929 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாநில ஒப்பந்தக்காரர் உரிம வாரியம் உரிமங்களை வழங்குகிறது. பொதுவான கட்டிட வேலைக்கு 'பி', மின் வேலைக்கு 'சி-10', குழாய் வேலைக்கு 'சி-36' என உரிமங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. உரிமம் பெற்றவர் 25,000 டாலருக்கான பிணைப்பத்திரம் வைத்திருக்க வேண்டும்.

சிறு வேலைகளுக்கு உரிமம் தேவையில்லை. இதற்கான வரம்பு 2025 சனவரி 1 அன்று 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்தப்பட்டது. கூலியும் பொருட்செலவும் சேர்ந்து இவ்வரம்புக்குக் குறைவாக இருக்க வேண்டும்; அவ்வேலைக்குக் கட்டிட அனுமதி தேவைப்படக் கூடாது; செய்பவர் வேறு ஆட்களை வேலைக்கு அமர்த்தக் கூடாது. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமின்றிச் செய்தவர் கூலி கேட்டு வழக்குத் தொடர முடியாது. அவருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு உரிமையாளர் வழக்குத் தொடரலாம்.

ஒப்பந்தத்தின் உள்ளடக்கம்

500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு மேம்பாட்டு வேலைக்கு எழுத்து வடிவிலான ஒப்பந்தம் கட்டாயம். அதில் பின்வருவன இடம்பெற வேண்டும்:

* ஒப்பந்தக்காரரின் பெயர், முகவரி, உரிம எண்
* வேலையின் விவரம், மொத்த விலை
* தொடங்கும் நாள், முடியும் நாள் (தோராயமாக)
* முன்பணம், தவணைகள் ஆகியவற்றின் தொகை
* காப்பீடு பற்றிய அறிவிப்பு, பற்றுரிமை பற்றிய எச்சரிக்கை

முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்த விலையில் 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. எடுத்துக்காட்டாக, 6,000 டாலர் குளியலறை வேலைக்கு 600 டாலரும், 40,000 டாலர் சமையலறை வேலைக்கு 1,000 டாலருமே கேட்கலாம். சிறப்புப் பிணைப்பத்திரம் கொடுத்துள்ள ஒப்பந்தக்காரர்களுக்கு இதில் விலக்கு உண்டு. அடுத்த தவணைகள் அதுவரை முடிந்த வேலையின் மதிப்பை மிஞ்சக் கூடாது. இடையில் செய்யப்படும் மாற்றங்களும், அவற்றைத் தொடங்கும் முன்பே, எழுத்தில் கையெழுத்தாக வேண்டும்.

ஒப்பந்தக்காரரின் அலுவலகத்திற்கு வெளியே கையெழுத்தான ஒப்பந்தத்தை மூன்று வணிக நாட்களுக்குள் ரத்து செய்யலாம். 65 வயது நிறைந்தோருக்கு 2021 முதல் ஐந்து வணிக நாட்கள் தரப்படுகின்றன.

கட்டிட அனுமதி

வண்ணம் பூசுதல், ஓடு பதித்தல், தரைவிரிப்பு, அலமாரி மாற்றம் போன்ற மேற்பூச்சு வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை. சுமை தாங்கும் சுவரை அகற்றுதல், அறை சேர்த்தல், மின்கம்பி அல்லது குழாய்களை மாற்றியமைத்தல், வெந்நீர்க் கொதிகலனை மாற்றுதல் ஆகியவற்றுக்குத் தேவை.

அனுமதியின் பயன் ஆய்வில் உள்ளது. சுவரை மூடும் முன் உள்ளிருக்கும் கம்பிகளையும் குழாய்களையும் ஆய்வாளர் பார்வையிடுவார். பார்வையிடாமல் மூடப்பட்டிருந்தால் சுவரைத் திறக்கச் சொல்லலாம். இறுதி ஆய்வில் தேறிய பின்னரே அனுமதி நிறைவுபெறும்.

உரிமையாளரே அனுமதி எடுத்தால் செலவு குறையும் எனச் சில ஒப்பந்தக்காரர்கள் கூறுவதுண்டு. அவ்வாறு எடுப்பவர் 'உரிமையாளர்-கட்டுநர்' எனக் கருதப்படுவார். விதிமீறலுக்கும், சில சூழல்களில் காயமடைந்த தொழிலாளியின் இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பாக நேரிடும். அனுமதியின்றிச் செய்த மாற்றங்கள் தமக்குத் தெரிந்திருந்தால், வீட்டை விற்கும்போது வாங்குபவருக்கு அவற்றைத் தெரிவிக்க வேண்டும்.

பற்றுரிமை

மெக்கானிக்ஸ் லீன் எனப்படும் பற்றுரிமை, வேலை செய்தவரும் பொருள் வழங்கியவரும் தமக்குரிய பணத்திற்காக அவ்வீட்டின் மீது கொள்ளும் உரிமையாகும். இது 1879 ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. உரிமையாளர் முழுத் தொகையையும் செலுத்திய பின்னரும், ஒப்பந்தக்காரர் அதனைத் துணை ஒப்பந்தக்காரருக்கோ மரக்கடைக்கோ கொடுக்காவிட்டால், அவர்கள் வீட்டின் மீது பற்றுரிமை பதிவு செய்ய இயலும். ஒரே வேலைக்கு உரிமையாளர் இருமுறை பணம் கொடுக்க நேர்வது இவ்வாறுதான்.

இவ்வுரிமையைக் கோர விரும்பும் துணை ஒப்பந்தக்காரரும் பொருள் வழங்குபவரும் பொதுவாக வேலை தொடங்கிய 20 நாட்களுக்குள் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆகவே இவ்வறிவிப்பு மிரட்டல் அன்று. யாருக்குப் பணம் சேர வேண்டும் என்பதை உரிமையாளருக்குக் காட்டும் பட்டியலாக அதனைக் கொள்ளலாம். ஒவ்வொரு தவணையின்போதும் அறிவிப்பு அனுப்பியவர்களிடமிருந்து உரிமை விடுப்புப் பத்திரம் பெறுவதும், இருவர் பெயரிலும் கூட்டுக் காசோலை கொடுப்பதும் வழக்கமான பாதுகாப்புகளாகும். பதிவு செய்த 90 நாட்களுக்குள் வழக்குத் தொடரப்படாவிட்டால் பற்றுரிமை பொதுவாகச் செல்லாததாகிவிடும்.

இவற்றையும் பார்க்க

* ஒப்பந்தச் சட்டம்
* நுகர்வோர் பாதுகாப்பு