தேனுக்காக வளர்த்த தேனீ

மைசூரில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்குக் குடகுத் தேன் புதியதன்று. நாம் தேன் என்பதைக் கன்னடத்தார் ஜேனு என்பர். சொல் ஒன்றே, ஒலிதான் சற்று வேறு. இந்நகருக்குத் தென்மேற்கே ஹெக்கடதேவனகோட்டைக் காடுகளில் வாழும் பழங்குடியினருக்கு ஜேனு குருபர் என்றே பெயர். இரவில் புகை மூட்டி, வானளாவிய மரங்களில் ஏறி மலைத்தேன் எடுப்பது அவர்தம் முன்னோர் தொழில். இவ்வாறு நெடுங்காலமாக மனிதன் தேனீயை மதித்தது தேனுக்காகவே. பூவுக்கு அது செய்யும் பணி மிகப் பிற்பட்டே கணக்கில் ஏறியது.

ஜெர்மானியரான ஸ்பிரெங்கெல், பூவின் வண்ணமும் மதுவும் பூச்சிகளை அழைப்பதற்கே என்று 1793-இல் நூல் எழுதினார். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1851-இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத், அடைகளைச் சிதைக்காமல் சட்டம் சட்டமாக எடுத்துப் பார்க்கும் பெட்டியை அமைத்தார். நம் நாட்டுத் தேனீயின் குடும்பம் சிறியது. அதற்கு அப்பெட்டி பெரிது. ஆகவே நியூட்டன் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் சிறு பெட்டி ஒன்றை வகுத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

மைசூர் சமஸ்தானத்தில் 1925-இல் தேனீ வளர்ப்புத் தொடங்கிற்று. 1928-இல் அரச வேளாண்மைக் குழு இதனைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணம் 1931-இலும், குடகு 1934-இலும் இதில் இறங்கின. 1936-இல் விராஜ்பேட்டையில் குடகுத் தேன், மெழுகு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள்: தேன் உண்டு, மெழுகு உண்டு, காயும் கனியும் இல்லை.

ஆனால் அச்சங்கத்தைச் சூழ்ந்திருந்தவை காப்பியும் ஏலமும் அல்லவா! குடகில் மிகுதியாக விளையும் ரோபஸ்டா காப்பிக்குத் தன் மகரந்தம் தனக்கு உதவாது. வேறு செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். காற்று ஓரளவு கொண்டுவரும். மிகுதியைத் தேனீயே கொண்டுவர வேண்டும். கோடைத் தொடக்கத்தில் ஒரு மழை பெய்த பத்து நாட்களுக்குள் தோட்டமெல்லாம் வெண்பூ விரிந்து, ஓரிரு நாளில் வாடிவிடும். அந்த இரண்டு நாள் வேலைதான் ஆண்டு முழுமைக்கும் விளைச்சல்.

ஏலத்தின் நிலை இன்னும் கடினம். அதன் பூ விடியுமுன் மலர்ந்து அன்றே வாழ்வை முடித்துக்கொள்ளும். சூல்முடி மகரந்தப்பைக்கு மேலே நிற்பதால், பூச்சி வந்து தொடாவிடில் பெரும்பாலும் காய் பிடிக்காது. பூக்கும் பருவமோ பெருமழைக் காலம். தேனீ வெளியே பறக்கக் கிடைக்கும் நாழிகை சொற்பம். ஆதலால் எக்டருக்கு மூன்று நான்கு பெட்டிகள் வைக்குமாறு வல்லுநர் கூறுகின்றனர்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் புளூபெர்ரி பூக்கும்போது லாரி லாரியாகத் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு வரவழைக்கின்றனர். மணி போல் தொங்கும் அப்பூவின் மகரந்தம் நுண்துளை வழியே உதிர வேண்டும். அதனை அதிர்த்து உதிர்க்கும் வித்தை தேனீக்குத் தெரியாது. குறையைப் பெருந்தொகையால் ஈடு செய்கிறார்கள். நம் கத்தரிப்பூவும் இவ்வகைத் துளை உடையதே. அங்கே தச்சு வண்டுபோல் ரீங்கரிக்கும் பெருவண்டுகளே கைகாரர்கள். எல்லாப் புகழையும் தேனீக்கே சூட்டுதல் நியாயமன்று.

1991-92-இல் பேரிடர் வந்தது. தாய்லாந்தில் முதலில் இனங்கண்ட தாய் சேக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவி, கூட்டிலுள்ள புழுக்களை நீர்ப்பை போலாக்கிக் கொன்றது. பெட்டிகளில் பெரும்பகுதி வெறுமையாயின. தேன் குறைந்ததைச் சங்கங்கள் பேரேட்டில் கண்டன. பிடிக்காமற்போன காய்களுக்குக் கணக்கு எழுதியவர் யார்? பின்னர் இத்தாலியத் தேனீயும் தென்னாட்டுக்கு வந்தது. நாட்டுத் தேனீயும் மெல்லத் தேறியது.

எனினும், காப்பிக்கும் ஏலத்துக்கும் பெரிதும் உழைக்கும் மலைத்தேனீயைப் பெட்டியில் அடைக்க இயலாது. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் திறந்த அடை கட்டுவது அது. குடகுத் தோட்டங்களில் காட்டு மரங்களை வெட்டிவிட்டு விரைவில் வளரும் சில்வர் ஓக் மரங்களை நடுகின்றனர். பெருங்கிளையில்லாத அம்மரத்தில் அடை தொங்க இடமேது? காப்பி பூக்கும் பருவத்தில் மலையேறி வந்து, பெருமழைக்கு முன் இறங்கிச் செல்லும் அத்தேனீக்கு, ஜேனு குருபர் ஏறிய பழைய மரங்களே இன்றும் வீடு.