சுவருக்குள் மறைந்த கம்பி

வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டுவதற்காக ஆணி அறைகிறோம். அந்த ஆணி செல்லும் வழியில் மின்கம்பி இருக்குமோ என்று நம் முன்னோர் ஐயுற்றதில்லை. ஐயுற வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. மின்விளக்கு வந்த வீடுகளிலுங்கூடக் கம்பி கண்ணெதிரே சுவரின்மேல் ஓடிற்று. அது சுவருக்குள் மறைந்தது எவ்வாறு, மறைந்தபின் அதைக் காக்க மனிதர் செய்தவை எவை என்பதே இன்று நேயர்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கம்பியைப் பொதிந்து மறைக்கும் கலை நம் நாட்டில் விளக்குக்கு முன்பே தந்திக்காகத் தோன்றியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக இருந்த ஓஷானசி, 1839 இல் தந்திச் சோதனைகள் நடத்தி, ஹூக்ளி ஆற்று நீருக்கடியிலும் கம்பியைக் கொண்டுசென்றார். கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் அதை வைத்து, மேலே தார் தோய்ந்த நூலைச் சுற்றினார். அந்தமான் காட்டுப் பிரம்பைக் கண்டு பழகிய நமக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சி தருவதில் வியப்பில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் மலாய்க் காடுகளில் கிடைக்கும் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பால் ஐரோப்பாவை அடைந்தது. கடலடித் தந்திக்கு அதுவே கவசமாயிற்று.

மண்ணுக்குள் மறைத்த மின்சாரத்தை நீர் எவ்வளவு எளிதில் வென்றுவிடும் என்பதைச் சென்னை நகரமே கண்டது. 1895 இல் அங்கு ஓடத்தொடங்கிய டிராம் வண்டிகளுக்குத் தண்டவாளங்களினிடையே, தெருவுக்கு அடியில் அமைந்த கால்வாய் வழியாக மின்சாரம் வந்தது. பருவமழை வெள்ளம் அக்கால்வாயை நிரப்பவே, அம்முறை கைவிடப்பட்டு, கம்பி தலைக்குமேல் ஏறிற்று.

வீட்டுக்குள் வந்த கம்பிக்கு இங்கிலாந்தில் 1882 ஆம் ஆண்டிலேயே மின்பொறியாளர் கழகம் தீ விபத்துத் தடுப்பு விதிகளை வகுத்தது. அக்காலத்தில் இரண்டு பள்ளங்கள் வெட்டிய மரச்சட்டத்தில் கம்பிகளைத் தனித்தனியே கிடத்தி, மேலே மரமூடி இட்டனர். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஈரம் குடித்த மரத்தின் வழியே மின்சாரம் கசியும், கசிவு கரியாகும், கரி கனலாகும். கம்பியின் ரப்பர் உறையிலும் ஒரு தொல்லை உண்டு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும் ஆதலால், செம்புக் கம்பிக்கு ஈயம் பூசியே உறையிட வேண்டியிருந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோனின் கைத்தொழில் இங்கும் உதவியது எனலாம். பின்னர், தடித்த ரப்பர் உறையிட்ட கம்பியைத் தேக்குப் பட்டையின்மேல் கிளிப்புகளால் பிடித்து ஓட்டும் முறை நம் நாட்டில் பரவிற்று. அதில் எழில் குறைவு. ஆனால் உறை வெடித்தாலும் எலி கடித்தாலும் வீட்டாரின் கண்ணில் படும். அதன் பெருமை எல்லாம் அவ்வளவே. ஆயினும் அது சிறிய பெருமை அன்று.

போர்ட் பிளேரில் (2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) டெய்ரி ஃபார்ம் பகுதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், மரச்சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகளின் இடத்தைக் கான்கிரீட் வீடுகள் பிடித்துவிட்டன. பலகைச் சுவரில் கம்பியை மறைப்பதற்கு இடமே இல்லை. சிமெண்டுச் சுவரிலோ காடி வெட்டிக் குழாய் பதித்துக் காரை பூசிவிடுகின்றனர். இத்தீவுகளில் இது வேறிடங்களினும் கூர்ந்து நோக்கத்தக்கது. இங்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கடற்கரை மணலையே கட்டடத்துக்கு அள்ளிவந்த வழக்கமும் நெடுநாள் இருந்தது. அதைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2002 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. உப்புக் கலந்த மணலால் எழுந்த சுவர் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனுள் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும்.

ஆகவே துருவறியாத பிளாஸ்டிக் குழாய் இங்கு விரும்பப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழந்தோம். எர்த் இணைத்த இரும்புக் குழாயைத் துளைத்து ஓர் ஆணி கம்பியைத் தொட்டால், மின்சாரம் குழாய் வழியே தரைக்குப் பாய்ந்து, ப்யூஸ் உடனே எரிந்துபோகும், அறைந்தவர் பிழைப்பார். பிளாஸ்டிக் குழாயைத் துளைத்த ஆணியோ எவ்வித அறிகுறியும் காட்டாது, தானே மின்னேறிச் சுவரில் நிற்கும். மறுநாள் ஈரக்கையோடு படத்தைத் துடைக்க வருபவர் அந்த வீட்டுத் தாயாராக இருக்கலாம்.

இதற்கு மேனாட்டார் கண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது. சுவிட்சிலிருந்து கம்பி நேர் மேலாகவோ நேர் கீழாகவோ, அல்லது கிடைமட்டமாகவோ மட்டுமே செல்லவேண்டும். குறுக்கே சாய்ந்து செல்லக்கூடாது. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் பதிக்கும் கம்பிக்குப் பிரிட்டிஷ் விதிகள் இத்தகைய நேர்வழியை வகுத்துள்ளன. சுவிட்சின் நேர்கோட்டைத் தவிர்த்து ஆணி அறையலாம் என்று குடியிருப்பவர் உய்த்துணர இவ்வொழுங்கு இடந்தருகிறது. மற்றொரு வழி, 30 மில்லிஆம்பியர் அளவுக் கசிவையே உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி. நம் நாட்டிலும் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஆம் ஆண்டு விதிகள், குறிப்பிட்ட மின்பளுவுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கின.

நேர்வழியை அறிந்த ஒயர்மேனும் செலவைச் சுருக்கச் சிலவேளை குறுக்கே காடி வெட்டிவிடுகிறார். காரை பூசியபின் அது எவருக்கும் தெரியாது. இத்தீவுகளில் இன்னுமொரு சங்கடம் உண்டு. சுவரில் கம்பி பதித்த தொழிலாளி வேலை முடிந்ததும் கப்பலேறித் தாயகம் போய்விடுவார். அதை நின்று பார்த்த உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போவார். அடுத்து வரும் குடித்தனக்காரருக்கு வெள்ளையடித்த சுவர் ஒன்றே மிஞ்சும். ஆதலால், வீடு கட்டும் நம்மவர் சிலர், காரை பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படமெடுத்து, அளவுகளோடு ஒரு தாளில் வரைந்து, மீட்டர்ப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கின்றனர். வீட்டை விற்கும்போது அத்தாளும் பத்திரங்களோடு கைமாறுகிறது.