160 ஏக்கரும் ஊர்ப்பொதுவும்: கனடாவில் டுகோபோர் குடியேற்றம்

டுகோபோர் என்பது ரஷ்யக் கிறித்தவப் பிரிவு ஒன்றுக்கு ஏச்சாகப் பிறந்த பெயர். தூய ஆவியோடு மல்லுக்கு நிற்பவர்கள் என்ற பொருளில் 1785இல் ரஷ்யப் பேராயர் அம்ப்ரோசி அதைச் சூட்டினார். ஆவியின் துணையோடு போராடுகிறவர்கள் என்று பொருளை மாற்றிக்கொண்டு அவர்களும் அதை ஏற்றனர். மனிதருக்குள்ளேயே கடவுள் குடியிருப்பதால் குருமாரும் கோயிலும் வேண்டாம், கொலையும் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1895இல் காக்கேசியாவில் தங்கள் ஆயுதங்களைக் குவித்துத் தீயிட்டதும் அடக்குமுறை கடுமையானது. டால்ஸ்டாய் ‘புத்துயிர்ப்பு’ நாவலின் வருவாயைப் பயணச் செலவுக்குத் தந்தார், குவேக்கர்களும் உதவினர். 1899 ஜனவரியில் முதல் கப்பல் ஹாலிஃபாக்ஸை அடைந்தது. அந்த ஆண்டுக்குள் சுமார் 7,500 பேர் கனடா வந்து சேர்ந்தனர்.

பின்னர் அரசோடு மூண்ட பூசலுக்கு மதவெறியே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. 1902இல் ஒரு பிரிவினர் கால்நடைகளை அவிழ்த்துவிட்டுக் கூட்டமாக நடைப்பயணம் போனது அந்த வாதத்துக்குத் தோதாக அமைந்தது. ஆனால் பூசலின் வேர் நிலப் பதிவேட்டில் இருந்தது. கனடியச் சட்டம் ஓர் ஆளுக்கு 160 ஏக்கர் என்று அளந்து, அந்த ஆளின் பெயரிலேயே பதிந்தது. டுகோபோர்களில் பெரும்பாலோர் ஊராகக் கூடி வாழ்ந்து, ஊராகவே உழுதனர்.

இந்தப் பொதுவுடைமையை அவர்கள் ரஷ்யாவிலிருந்து அப்படியே கொண்டுவந்தார்கள் என்பதும் முழு உண்மையல்ல. காக்கேசியாவில் வசதியான தனிக் குடும்பங்கள் பல இருந்தன. உடைமையைப் பகிரச் சொன்னவர் நாடுகடத்தப்பட்டிருந்த தலைவர் பீட்டர் வெரிகின். கனடாவிலும் பிரின்ஸ் ஆல்பர்ட் பக்கம் குடியேறியவர்களிடையே தனி உடைமை நாட்டமே மிகுந்திருந்தது. மற்ற குடியிருப்புகளில் கொள்கையோடு வறுமையும் சேர்ந்தே பொது வாழ்வை வளர்த்தது. 1899 வசந்தத்தில் ஆண்கள் இருப்புப்பாதை போடும் கூலி வேலைக்குப் போயிருந்தனர். இருந்த சில மாடுகளும் குதிரைகளும் மரம் இழுக்கவே போதவில்லை. பெண்கள் நீண்ட கயிற்றில் குறுக்குக் கம்புகளைக் கட்டி, கம்புக்கு இருவராக நின்று கலப்பையை இழுத்தனர். பின்னால் ஒருவர் மேழி பிடித்தார். மண் குழைத்து மரச்சுவர்களைப் பூசியதும் அவர்களே. கலப்பை இழுக்கும் படத்தைப் பார்த்து ஆண்களைத் தூற்றியவர்கள், அந்த ஆண்களின் கூலியும் ஊர்ப் பொதுப்பணமாகத்தான் வந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

உள்துறை அமைச்சர் கிளிஃபர்ட் சிஃப்டன், அவரவர் 160 ஏக்கரில் தனித்தனியே குடியிருக்காமல் ஊருக்குள்ளேயே வாழலாம் என்று விட்டுக்கொடுத்தார். 1905இல் அப்பதவிக்கு வந்த ஃபிராங்க் ஆலிவர் சட்டத்தை இறுக்கினார். நிலம் நிலைக்க அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுளுக்கே கட்டுப்பட்டவர்கள் அதற்கு இணங்கவில்லை. 1907இல் ஏராளமான பதிவுகள் ரத்தாயின. ஆளுக்கு 15 ஏக்கர் மட்டும் ஒதுக்கப்பட்டது. பண்படுத்தி வைத்திருந்த நிலம் பிறர் கைக்குப் போனது.

அதற்குள் கனடா வந்திருந்த வெரிகின் இதிலிருந்து பாடம் கற்றார். விலைகொடுத்து வாங்கும் நிலத்துக்கு உறுதிமொழி தேவையில்லை. 1908 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கூட்டெனை ஆறு கொலம்பியா ஆற்றோடு கலக்குமிடத்தில் நிலம் வாங்கப்பட்டது. சுமார் 5,000 பேர் அங்கே பெயர்ந்தனர். ஊருக்கு இரண்டு பெரிய மாடி வீடுகள். கீழே பொதுச் சமையலும் சாப்பாடும், மேலே படுக்கையறைகள். பழத்தோட்டம், மரமறுக்கும் ஆலை, செங்கல் சூளை, ஜாம் தொழிற்சாலை எல்லாம் பொதுவில் நடந்தன. வழிபாட்டு மேசையில் ரொட்டி, உப்பு, தண்ணீர் மட்டும் இருக்கும். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் எதிர்ப்பக்கமும் நின்று, வாத்தியம் இன்றிப் பாடி, ஒருவருக்குள் இருக்கும் கடவுளை மற்றவர் தலைதாழ்த்தி வணங்குவர்.

விலைக்கு வாங்கிய நிலத்துக்கு வேறொரு ஆபத்து இருந்தது: கடன். 1924இல் ரயிலில் நிகழ்ந்த வெடிப்பில் வெரிகின் இறந்தார். பெருமந்தக் காலத்தில் கடன்சுமை தாங்காமல் 1938இல் நிலத்தை வைத்திருந்த டுகோபோர் சமூக நிறுவனம் திவாலானது. மாகாண அரசு கடன்காரர்களோடு தீர்த்துக்கொண்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. மக்கள் சொந்த ஊரிலேயே வாடகைக் குடிகளாயினர். 1960களின் தொடக்கத்தில் அதே நிலத்தை அவர்கள் துண்டு துண்டாக, அவரவர் பெயரில், திரும்ப விலைக்கு வாங்கினர்.