கடல் கொண்ட ஊரும் கதை சொல்வோரும்

வரலாறு ஏடுகளில் மட்டும் வாழ்வதில்லை. சொல்வோர் நாவிலும் வாழ்கின்றது. பேரழிவுக்கு ஆளான ஊர்களில் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணலாம். கீழச்சிவல்பட்டி வட்டாரத்திலிருந்து இராமேசுவரத்திற்குச் சுற்றுலா செல்வோர் தனுஷ்கோடியையும் கண்டு வருகின்றனர். இடிந்த சுவர்களைப் பார்த்துத் திரும்புவோர் பலர். அவற்றின் வரலாற்றைக் கேட்டுத் திரும்புவோர் சிலரே.

1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி இலங்கைக்குச் செல்லும் வாயிலாயிற்று. இரயிலில் வந்தோர் அங்குக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற ஏழை மக்கள் எண்ணற்றோர் அவ்வழியே கடல் கடந்தனர். அவர்களுள் நம் சமுதாயத்தார் மிகப் பலர். ஆகவே, தனுஷ்கோடியின் வரலாறு நம் வரலாறுமாகும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய பெரும்புயலில் கடல் பொங்கி ஊரை விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் அலைகளுக்கு இரையாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. ஊரோ, மக்கள் வாழத் தகுதியற்றது என அரசால் அறிவிக்கப்பட்டது. பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை.

எனினும், மீனவக் குடும்பங்கள் கடலை விட்டு அகலவில்லை. மணலைத் தோண்டி நன்னீர் எடுத்து, ஓலைக் குடிசைகளில் வாழ்வைத் தொடர்ந்தனர். 2017இல் அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்பட்டபின் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். சங்கும் சிப்பியும் விற்கும் அம்மக்கள், தம் முன்னோர் கண்ட புயலின் கதையையும் சொல்கின்றனர். அக்கதை அவர்களுக்குப் பிழைப்பு, பிறருக்கு எச்சரிக்கை, மாண்டோர்க்கு நினைவுச் சின்னம். ஆனால், பிறர் அதனைச் சொல்லும்போது ‘பேய் நகரம்’ என்று விளம்பரம் செய்கின்றனர். உயிருள்ள மக்கள் வாழும் மண்ணைப் பேய்களின் ஊர் என்பது முறையாகுமா?

ஜப்பான் நாட்டில் இதனை வேறு வகையில் செய்கின்றனர். 2011 மார்ச் 11ஆம் நாள் ஆழிப்பேரலையால் அழிந்த வடகிழக்குக் கடற்கரை ஊர்களில், உயிர் பிழைத்தோரே வருவோரை அழைத்துச் சென்று நடந்ததை எடுத்துரைக்கின்றனர். அவர்களைக் ‘கதாரிபே’, அதாவது கதை சொல்வோர், என்று மதிப்புடன் அழைக்கின்றனர்.

கதையில் இடம்பெறாதவர் நிவாரணப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடற்கரையைத் தாக்கியது. உடைந்த படகுகள் உலகின் கண்ணுக்குத் தெரிந்தன. உப்புநீர் புகுந்த வயல்களில் கூலி வேலையை இழந்த ஒடுக்கப்பட்ட மக்களின் துயரம் எளிதில் தெரியவில்லை. நிவாரணத்திலும் அவர்கள் புறக்கணிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் எழுத்தில் பதிவு செய்தன. எழுதப்பட்டதனால் அன்றோ இன்று நாம் அதனை அறிகிறோம்!

நம் செட்டிநாட்டிற்கும் ஓர் அழிவின் கதை உண்டு. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும், 1948க்குப் பின் அங்கு நிலங்கள் நாட்டுடைமையானதும் இவ்வட்டாரத்தின் செல்வத்தைச் சிதைத்தன. பூட்டிக் கிடந்த மாளிகைகள் சில இன்று பயணிகள் தங்கும் விடுதிகளாகியுள்ளன. அங்கு பர்மாத் தேக்கின் கதை சொல்லப்படுகின்றது. ஆத்தங்குடிக் கல்லின் கதை சொல்லப்படுகின்றது. சுண்ணாம்பு அரைத்த கைகளின் கதையும், ஊருணி வெட்டிய தோள்களின் கதையும் எங்கே? அக்கைகளும் தோள்களும் யாருடையவை என்பதை நம் முதியோர் அறிவர். அவர்களோடு அக்கதைகளும் மறைந்துவிடலாகாது.

இளைஞர்களே! நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் உங்களிடம் ஒன்றே வேண்டுகிறேன். உங்கள் பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் கட்டிய வீடு, வெட்டிய குளம், சென்ற நாடு, பட்ட பஞ்சம் ஆகியவற்றைப் பெயரோடும் ஆண்டோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நாளை இவ்வூரைக் காண வருவோர்க்கு நம் கதையை நாமே எடுத்துரைப்போம். கல்வி நமக்குத் தந்த எழுதுகோலின் முதற்கடமை அதுவேயாகும்.