நீடித்த கழுத்துவலி: காரணங்கள் என்ன?

மும்பை பாண்டுப்பிலிருந்து புறநகர் ரயிலில் வேலைக்குச் செல்வோர் பலர் வழிநெடுகத் தலைகுனிந்து கைப்பேசி பார்ப்பதுண்டு. சுமார் 5 கிலோ எடையுள்ள தலை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மீதான பளு 27 கிலோவாக உயரும் என 2014-இல் வெளியான கணினி மாதிரி ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வலியை அந்த ஆய்வு அளக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

3 மாதங்களுக்கு மேல் நீடிப்பதே நாள்பட்ட வலி எனப்படுகிறது. நெடுநேரம் ஒரே நிலையில் இருத்தல், தசை இறுக்கம், மன அழுத்தம் ஆகியவை பொதுவான காரணங்கள். வயது ஏறும்போது கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் எனப்படும் சவ்வும் தேய்கிறது. எனினும், எக்ஸ்ரேயில் தேய்மானம் தென்படும் அனைவருக்கும் வலி இருப்பதில்லை.

வலி கைக்குப் பரவினால் நரம்பு அழுந்தியிருக்கலாம். கைகள் வலுவிழத்தல், நடை தடுமாறுதல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் உடனடி மருத்துவப் பரிசோதனை அவசியம்.